தாவர ஸ்டெரோல் கப்சூல்: கொலஸ்திரோலை எவ்வளவு குறைக்கும், யாருக்குப் பொருந்தும்?

2024 மார்ச் 3, ஞாயிறு. உப்புவெளியிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

"என் அம்மாவுக்கு வயது 63. சில ஆண்டுகளாகக் கிளினிக்கில் தரும் கொலஸ்திரோல் குளிசையான அட்டோர்வாஸ்டட்டின் 20 மில்லிகிராம் எடுத்து வருகிறார். அண்மைக்காலமாகக் கால் தசை நோகிறது என்று சொல்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, ஊருக்கு வந்த ஒருவரிடம் தாவர ஸ்டெரோல் கப்சூல் போத்தல்கள் கொடுத்தனுப்பியிருக்கிறார். இது மருந்தில்லை, மரக்கறிச் சத்துத்தான், ஆகவே கிளினிக் குளிசையை விட்டுவிட்டு இதை எடுக்கலாம் என்பது அண்ணாவின் எண்ணம். அம்மாவுக்கும் அதுவே விருப்பம். இது உண்மையில் கொலஸ்திரோலைக் குறைக்குமா?"

2024 மார்ச் 3, இரவு

குறைக்கும். ஆனால் கிளினிக் குளிசையின் இடத்தில் இதை வைக்க முடியாது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முதற்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மருந்தை நிறுத்தியவர்களை நான் அறிவேன். அவர்களில் ஒருவர் எங்கள் குடும்பத்தவர். அதைப் பிறகு எழுதுகிறேன்.

நாளொன்றுக்கு 2 கிராம் தாவர ஸ்டெரோலை ஒழுங்காக உணவோடு எடுத்தால், கெட்ட கொலஸ்திரோல் என்று சொல்லப்படும் எல்டிஎல் பத்திலொரு பங்கு அளவில் குறைகிறது. 1.5 முதல் 3 கிராம் வரை எடுத்தால் 7 முதல் 12.5 சதவீதம் வரை குறையும் என்பதும், இரண்டு மூன்று வாரங்களில் அது தெரியவரும் என்பதும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆய்வுகளைப் பார்த்து ஏற்றுக்கொண்ட கணக்கு. 3 கிராமுக்கு மேல் எடுப்பதால் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் இல்லை. அட்டோர்வாஸ்டட்டின் 20 மில்லிகிராமோ சராசரியாக 40 சதவீதத்துக்கு மேல் குறைக்கிறது. குளிசை எடுக்கையில் எல்டிஎல் 90 ஆக இருக்கும் ஒருவர் அதை விட்டால், சில வாரங்களில் 155 அளவுக்கு ஏறிவிடுவார். ஸ்டெரோல் அதில் 15ஐக் குறைத்துத் தரும். மாற்றினால் உங்கள் அம்மாவுக்கு ஏற்படக்கூடியது ஏற்றமே.

கால்நோவைப் பொறுத்துக்கொள்ளும்படி நான் சொல்லவில்லை. அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தைரொயிட் சுரப்பி மந்தமாக இருந்தால் தசையும் நோகும், எல்டிஎல்லும் ஏறும். ஒரு குருதிப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். தசை நொதியையும் பார்ப்பார்கள். குளிசையின் அளவைக் குறைக்கலாம், அதே ஸ்டட்டின் வகையிலுள்ள வேறொரு மருந்துக்கு மாற்றலாம். இவையெல்லாம் இருக்கையில் வீட்டில் இருந்தபடி நிறுத்துவது வேண்டாம்.

2024 மார்ச் 5

அது எப்படிக் குறைக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதைப் புரிந்துகொண்டால் எப்போது எடுப்பது, எதோடு எடுப்பது என்ற கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

விலங்குகளின் உயிரணு மென்சவ்வில் கொலஸ்திரோல் செய்யும் வேலையைத் தாவரங்களில் ஸ்டெரோல்கள் செய்கின்றன. பீட்டா சிட்டோஸ்டெரோல், காம்பெஸ்டெரோல், ஸ்டிக்மாஸ்டெரோல் ஆகியன முக்கியமானவை. மூலக்கூற்று அமைப்பைத் தாளில் வரைந்தால் சிட்டோஸ்டெரோலுக்கும் கொலஸ்திரோலுக்கும் உள்ள வேறுபாடு பக்கச் சங்கிலியில் ஒட்டியிருக்கும் ஓர் எதைல் கூட்டம் மட்டுமே. பல ஆண்டுகள் இரசாயனம் கற்பித்த எனக்கு இது இன்றும் வியப்பைத் தருகிறது. அந்தச் சிறிய ஒட்டினால் குடல் அதை வெளியாள் என்று இனங்கண்டு கொள்கிறது. உண்ணும் கொலஸ்திரோலில் பாதியளவு உடலுக்குள் சேர்கிறது. தாவர ஸ்டெரோலிலோ நூற்றில் இரண்டு பங்குகூட உள்ளே தங்குவதில்லை.

கொழுப்பு நீரில் கரையாது. ஆகவே பித்த உப்புகள் சேர்ந்து உருவாக்கும் மிக நுண்ணிய கொழுப்புத் திரள்களில் ஏறித்தான் கொலஸ்திரோல் குடற்சுவரை அடைய வேண்டும். மூதூருக்குப் போகும் லோஞ்சில் இடம் குறைவாக இருக்கையில் முதலில் ஏறியவர்கள் போய்விட மற்றவர்கள் துறையிலேயே நிற்பதைப்போல, ஸ்டெரோல் அந்தத் திரள்களில் இடத்தைப் பிடித்துக்கொள்ள, கொலஸ்திரோலின் ஒரு பகுதி ஏற முடியாமல் மலத்தோடு வெளியேறுகிறது. உணவில் வரும் கொலஸ்திரோல் மட்டுமன்றி, ஈரல் பித்தத்தில் அனுப்பும் கொலஸ்திரோலும் இப்படியே தடைப்படுகிறது. முட்டையும் இறைச்சியும் தொடாதவருக்கும் இது வேலை செய்வது அதனால்தான்.

ஈரல் இழப்பை உணர்ந்து கொலஸ்திரோலைக் கூடுதலாக ஆக்கத் தொடங்குகிறது. கூடவே குருதியிலிருந்து எல்டிஎல்லை அதிகமாக இழுத்துக்கொள்கிறது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதால் கடைசியில் கிடைப்பது அந்தப் பத்திலொரு பங்கு. அதற்குமேல் எவ்வளவு விழுங்கினாலும் நகராது.

2024 மார்ச் 6

நேற்றையதற்கு ஒரு சேர்க்கை. பித்தம் சுரந்தால்தான் அந்தத் திரள்கள் உருவாகும், உணவு வந்தால்தான் பித்தம் சுரக்கும். ஆகவே வெறும் வயிற்றில் எடுப்பது வீண்செலவு. எங்கள் ஊரில் பலர் காலையில் தேத்தண்ணீரோடு எல்லாக் குளிசைகளையும் ஒரே மூச்சில் போட்டுவிடுகிறார்கள். ஸ்டெரோலைப் பொறுத்தவரை, மத்தியானச் சோற்றோடு, அல்லது யாருக்கு எது பெரிய சாப்பாடோ அதனோடு எடுப்பதே சரி.

2024 மார்ச் 10, ஞாயிறு

போத்தலின் பின்புறத்தை வாசிப்பது பற்றி.

எனக்கு லண்டனிலிருந்து தங்கை அனுப்பிய போத்தல் இப்போது மேசையில் இருக்கிறது. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஓர் எண், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வேறோர் எண். முன்பக்க எண் ஸ்டெரோல் எஸ்டரின் நிறை. எஸ்டர் என்பது ஸ்டெரோலோடு ஒரு கொழுப்பமிலத்தைப் பிணைத்த வடிவம். அது எண்ணெயில் நன்றாகக் கரையும். ஆனால் அதன் நிறையில் ஐந்தில் மூன்று பங்குதான் ஸ்டெரோல். 1.3 கிராம் எஸ்டரில் உள்ளது ஏறத்தாழ 0.8 கிராம் ஸ்டெரோல். ஆய்வுகள் சொல்லும் 2 கிராம் என்பதோ எஸ்டர் நீங்கலான ஸ்டெரோலின் நிறை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால், போதிய அளவு எடுக்கிறோம் என்ற நம்பிக்கையோடு பாதியளவே எடுப்போம்.

அடுத்தது, அந்த எண் ஒரு கப்சூலுக்கா, ஒரு வேளைக்கான இரண்டு கப்சூலுக்கா என்பது. என்னிடம் இருப்பதில் 2 கிராம் கிடைக்க வேண்டுமானால் நாளுக்கு ஆறு கப்சூல் விழுங்க வேண்டும். ஒவ்வொன்றும் பெரியது, மஞ்சள் நிற எண்ணெய் நிரம்பிய மென்கூடு. நமது சித்திரை வெயிலில் அவை போத்தலுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், பிரிக்கப்போனால் கூடு கிழிந்து விரலெல்லாம் எண்ணெய். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்வது சும்மா அச்சிட்டதன்று. கூடு கிழிந்து எண்ணெய் கசிந்தவற்றை எறிந்துவிடுவதே நல்லது.

நாளுக்கு இத்தனை என்றால் ஒரு போத்தல் எத்தனை நாளைக்கு வரும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அன்போடு இரண்டு போத்தல் அனுப்புகிறார்கள். இங்கே அம்மாமார் அதை வீணாக்கக்கூடாது என்று நாளுக்கு ஒன்றாக நீட்டி நீட்டி எடுக்கிறார்கள். அந்த அளவில் எந்தப் பலனும் கிடைக்காது. நிறுத்தியதும் பலனும் நின்றுவிடும். எனவே தொடர்ந்து வாங்க முடியாதவர் தொடங்குவதில் பொருளில்லை என்பது என் கருத்து.

2024 மார்ச் 17, ஞாயிறு

"உங்களுக்குக் குறைந்ததா?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நேராகப் பதில் சொல்வதற்கு முன் பரிசோதனைத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் எண்களை வாசித்து வேறு முடிவுக்குப் போவீர்கள்.

எனக்கு நீரிழிவோ இதயநோயோ இல்லை. எல்டிஎல் 149 என்று வந்தபோது, உடனே மருந்து வேண்டாம், சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்துவிட்டுப் பார்ப்போம் என்றார் வைத்தியர். அந்த இடைவெளியில்தான், அவரிடம் சொல்லிவிட்டு, ஸ்டெரோலைத் தொடங்கினேன். சாப்பாட்டில் வேறெதையும் மாற்றாமல் முழு அளவு எடுத்து, மறுபடி பார்த்தபோது 132. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பின்னர் எதையும் மாற்றாமல் இன்னொரு ஆய்வுகூடத்தில் பார்த்தபோது 141.

எது உண்மை? இரண்டுமே. ஒரே மனிதரின் எல்டிஎல் எந்தக் காரணமும் இல்லாமல் வாரத்துக்கு வாரம் ஏழெட்டுச் சதவீதம் ஏறி இறங்கும். ஸ்டெரோல் தரக்கூடிய குறைவும் அதே அளவினது. முன்னே ஒரு தாள், பின்னே ஒரு தாள் என்று இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு கப்சூல் வேலை செய்தது என்றோ செய்யவில்லை என்றோ யாரும் சொல்ல முடியாது. முப்பது நாற்பது சதவீதம் குறைக்கும் ஸ்டட்டினுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்று. பல இடங்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. 1972இல் பிரீட்வால்ட் என்பவரும் உடனாய்வாளர்களும் தந்த சூத்திரத்தால் கணக்கிடுகிறார்கள்: மொத்தக் கொலஸ்திரோலிலிருந்து, நல்ல கொலஸ்திரோல் எனப்படும் எச்டிஎல்லையும், குருதியிலுள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைட்டின் ஐந்திலொரு பங்கையும் கழிப்பது. என் முதல் தாளில் மொத்தம் 228, எச்டிஎல் 46, ட்ரைகிளிசரைட் 165. கழித்தால் 149 வரும். இப்போது நான் பட்டினி இருக்காமல், முதல்நாள் இரவு ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் காலையில் தேத்தண்ணீரும் குடித்துவிட்டுப் போயிருந்தால், ட்ரைகிளிசரைட் 240 ஆக இருந்திருக்கலாம். மற்ற இரண்டும் மாறாதிருக்க, எல்டிஎல் 134 என்று தாளில் வந்திருக்கும். ஒரு கப்சூலும் விழுங்காமலே பதினைந்து குறைந்துவிட்டது! ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தையே பயன்படுத்தக்கூடாது.

ஆகவே என் விடை இது: சிறிதளவு குறைந்திருக்கிறது என்று நம்புகிறேன், அதை என் தாள்களால் மட்டும் நிறுவ முடியாது. ஆய்வுகளில் நூற்றுக்கணக்கானோரின் சராசரியை எடுப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். பரிசோதிப்பவர்கள் ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே மாதிரிப் பட்டினியில், முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று பார்த்துச் சராசரியை ஒப்பிட்டால் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

2024 மார்ச் 18

மேலே எழுதிய எண்களெல்லாம் ஒரு டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில். கனடாவிலும் இங்கிலாந்திலும் மில்லிமோல் கணக்கில் 3.8 என்பது போல வரும். அதை 38.7ஆல் பெருக்கினால் நமது எண் கிடைக்கும். அண்ணனுடைய 3.8ஐயும் அம்மாவின் 147ஐயும் தொலைபேசியில் ஒப்பிட்டுப் பயந்துபோன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும், இரண்டும் ஒன்றேதான்.

2024 மார்ச் 24, ஞாயிறு

இது புதிதாகக் கண்டுபிடித்த விளம்பரச் சரக்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை.

1951இல் கோழிகளுக்குக் கொலஸ்திரோல் கலந்த தீனியோடு சோயா ஸ்டெரோலையும் கொடுத்துப் பார்த்த பீற்றர்சன், கோழிகளின் குருதிக் கொலஸ்திரோல் ஏறாமல் தடைப்படுவதைக் கண்டார். 1953இல் பொல்லாக் அதை மனிதரில் காட்டினார். அதன் பிறகு அமெரிக்காவின் லில்லி நிறுவனம் சைட்டெலின் என்ற பெயரில் சிட்டோஸ்டெரோலை மருந்தாகவே விற்றது. படிக வடிவிலான ஸ்டெரோல் எண்ணெயிலும் நன்றாகக் கரையாது, நீரிலும் கரையாது. அதனால் பல கிராம் கணக்கில் நாள்தோறும் விழுங்க வேண்டியிருந்தது. ஸ்டட்டின் மருந்துகள் வருவதற்கு முன் கொலஸ்திரோலுக்கென்று இருந்த சொற்ப மருந்துகளில் அதுவும் ஒன்று.

திருப்பம் பின்லாந்தில் ஏற்பட்டது. அந்நாட்டின் வட கரேலியாப் பகுதியில் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் இறந்துகொண்டே இருந்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா தலைமையில் அங்கே உணவுப் பழக்கத்தை மாற்றும் பெருந்திட்டம் தொடங்கியது. அதே பகுதி மக்களில் 153 பேரைக் கொண்டு மியெத்தினென் குழுவினர் ஓராண்டு நடத்திய ஆய்வு 1995இல் வெளியானது. மரக்கூழ் ஆலைகளில் மிஞ்சும் பைன் எண்ணெயிலிருந்து எடுத்த ஸ்டெரோலை ஸ்டனோல் என்ற வடிவத்துக்கு மாற்றி, கொழுப்பமிலத்தோடு பிணைத்து, மாஜரினில் கரைத்துக் கொடுத்தார்கள். பாணில் பூசிச் சாப்பிட்டவர்களின் மொத்தக் கொலஸ்திரோல் 10 சதவீதமும், எல்டிஎல் 14 சதவீதமும் குறைந்தன. அதே ஆண்டு ரைசியோ நிறுவனம் பெனிகோல் என்ற பெயரில் அந்த மாஜரினைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது.

பெரும்பாலான நல்ல ஆய்வுகள் இப்படி மாஜரின், தயிர், பால் போன்ற உணவில் கரைத்துக் கொடுத்து நடந்தவை. கப்சூலிலும் குளிசையிலும் பலன் காட்டிய ஆய்வுகள் உள்ளன. ஆனால் குளிசை குடலில் எவ்வளவு நன்றாகக் கரைகிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மாஜரினுக்குக் கிடைத்த எண்ணைக் கப்சூல் போத்தலின் மேல் ஒட்டிக்கொள்ளும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை.

2024 ஏப்ரல் 7, ஞாயிறு

தம்பலகாமத்திலிருந்து ஓர் அன்பர், "நமது எள்ளிலும் நல்லெண்ணெயிலும் இதே ஸ்டெரோல் இருக்கிறதே, கப்சூல் எதற்கு?" என்று கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. வித்துகளில் எள்ளு முன்வரிசையில் நிற்கிறது. 100 கிராம் எள்ளில் 400 மில்லிகிராம் அளவில் ஸ்டெரோல் உண்டு. தவிட்டெண்ணெய், சோள எண்ணெய் ஆகியனவும் வளமானவை. கச்சான், பயறு, கடலை, தீட்டாத அரிசி எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. வழக்கமான கலப்பு உணவில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை கிடைக்கிறது, மரக்கறி உணவுக்காரருக்குச் சற்றுக் கூடுதலாக. ஆனால் எள்ளிலிருந்து மட்டும் 2 கிராம் பெற வேண்டுமானால் அரைக் கிலோ எள்ளு உண்ண வேண்டும். அது ஒரு முழுநாளைக்கு வேண்டிய சக்தியைவிடக் கூடுதல். எள்ளுருண்டையில் சர்க்கரையும் சேரும். ஆகவே மருந்தளவை உணவால் எட்ட முடியாது.

அதற்காக எள்ளைக் கைவிட வேண்டியதில்லை. தேங்காயெண்ணெயின் இடத்தில் நல்லெண்ணெயைப் பயன்படுத்தும்போது கிடைக்கும் பெரிய நன்மை ஸ்டெரோலால் வருவதன்று, நிறைவுற்ற கொழுப்பு குறைவதால் வருவது. தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. ஸ்டெரோலோ 100 கிராமில் 100 மில்லிகிராமைத் தொடாது. 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான பகுப்பாய்வு, வெப்பவலயம் சாராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிடுகையில் தேங்காயெண்ணெய் எல்டிஎல்லை 10 மில்லிகிராம் அளவு உயர்த்துவதாகக் கண்டது. கப்சூல் குறைப்பதில் பெரும்பகுதியைச் சட்டியில் ஊற்றும் எண்ணெயே திருப்பிக் கொடுத்துவிடுகிறது என்றால் அந்தச் செலவை யோசிக்க வேண்டும்.

தேங்காயை ஒதுக்குங்கள் என்று இந்த ஊரில் யாரிடமும் சொல்லிப் பயனில்லை, எனக்கும் அது வேண்டாம். எங்கள் வீட்டில் செய்த மாற்றம் சிறியது. சொதிக்கும் சம்பலுக்கும் தேங்காய் உண்டு. பொரியலுக்கும் தாளிதத்துக்கும் இல்லை. மீன் குழம்புக்கு முதற்பாலைத் தவிர்த்துவிட்டு, மூன்றாம் பாலோடு புளியைக் கூட்டி வைக்கிறார் மனைவி. சூரை மீனுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. காலைப் புட்டில் தேங்காய்ப்பூவைப் பாதியாக்கிக் குரக்கன் மாவைச் சேர்த்தோம். கிண்ணியாவிலிருந்து வரும் எருமைத் தயிரை மட்டும் கிழமைக்கு ஒருநாள் என்று வைத்திருக்கிறேன், அதிலும் பாற்கொழுப்பு நிறைய.

வருடப்பிறப்புப் பலகாரங்களைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை.

2024 ஏப்ரல் 21, ஞாயிறு

முதல் நாளில் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். அத்தானின் அனுமதியோடுதான்.

என் அக்காவின் கணவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து, அடைபட்ட நாடியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தார்கள். அன்றிலிருந்து அட்டோர்வாஸ்டட்டின் 40 மில்லிகிராம். எல்டிஎல் 78க்கு வந்திருந்தது. பின்னர் பிரான்சிலிருக்கும் மருமகன் ஸ்டெரோல் கப்சூல் அனுப்பத் தொடங்கினான். அத்தான் யாரிடமும் சொல்லாமல் ஸ்டட்டினை மட்டும் விட்டுவிட்டு, மற்றைய குளிசைகளோடு கப்சூலை எடுத்து வந்திருக்கிறார். கிளினிக்கிற்கு ஒழுங்காகப் போவார், மருந்தை வாங்கி வருவார். அலுமாரியில் ஒரு பிஸ்கட் பேணியைத் திறந்தபோதுதான் அக்காவுக்குத் தெரிந்தது: கிளினிக் மருந்துக் கூடத்தில் தரும் சிறு கடதாசி உறைகள், 'இரவு 1' என்று பேனாவால் எழுதியபடி, மடிப்புக் கலையாமல் அடுக்கடுக்காக இருந்தன.

"இது மரக்கறிதானே தம்பி, அது ஈரலை எல்லோ பழுதாக்கும்," என்றார் என்னிடம். அடுத்த பரிசோதனையில் எல்டிஎல் 139.

அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாரடைப்பு வந்த மனிதருக்கு, வாழ்நாள் முழுதும் குளிசை என்ற எண்ணமே பாரம். தாவரத்திலிருந்து வந்த ஒன்று அந்தப் பாரத்தை இறக்கித் தருவதாகச் சொன்னால் அதை நம்பத்தான் தோன்றும். ஆனால் ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு எல்டிஎல்லை 55க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்கின்றன ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டல்கள். 139இல் பத்திலொரு பங்கைக் குறைக்கும் ஒன்றால் அந்த இடத்துக்குப் போக வழியே இல்லை.

பேச்சுக்கு அவர் இணங்கவில்லை. வைத்தியர் கிளினிக் கொப்பியில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியதும் இணங்கினார். ஈரல் நொதிகளையும் பார்த்து, இயல்பாக இருக்கின்றன என்று சொல்லி, மருந்தைத் திரும்பத் தொடங்கினார்கள். கப்சூலையும் கூடவே எடுக்கலாமா என்று கேட்டதற்கு, எடுப்பதில் தடையில்லை என்றார் வைத்தியர். அது சரியான விடையே: ஸ்டட்டின் ஈரல் கொலஸ்திரோலை ஆக்குவதைக் குறைக்கிறது, ஸ்டெரோல் குடலில் அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது, ஆகவே ஒன்றின் மேல் மற்றொன்று கூடுதலாக வேலை செய்கிறது. ஸ்டட்டினின் அளவை இரட்டித்தால் கிடைக்கும் கூடுதல் குறைவு 6 சதவீதம் அளவுதான். ஸ்டெரோல் அதைவிடச் சற்றுக் கூடத் தரக்கூடும்.

2024 ஏப்ரல் 28, ஞாயிறு

யார் எடுக்கக்கூடாது என்று இதுவரை எழுதவில்லை.

சிட்டோஸ்டெரோலேமியா என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. தவறி உள்ளே புகுந்த தாவர ஸ்டெரோலைத் திரும்பக் குடலுக்குள் தள்ளும் இரண்டு புரதங்கள் நமது குடற்சுவரில் உண்டு. அவற்றின் மரபணு பழுதானால் ஸ்டெரோல் குருதியில் தேங்கி, இளவயதிலேயே தசைநாண்களில் கொழுப்புக் கட்டிகளும் நாடி அடைப்பும் வரும். 1974இல் இரண்டு சகோதரிகளில் இதை முதன்முதலாக விவரித்தார்கள். மிக அரிது. ஆயினும் சிறுவயதில் குதிக்கால் நாணிலோ முழங்கையிலோ மஞ்சள் கட்டிகள் தோன்றியவர்கள், குடும்பத்தில் இளம்வயது மாரடைப்பு உள்ளவர்கள், வைத்தியரிடம் காட்டாமல் தொடங்கக்கூடாது.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஆகியோருக்கு இது ஏற்றதன்று என்று ஐரோப்பாவில் பொதியிலேயே எழுத வேண்டும் என்பது சட்டம். கொலஸ்திரோல் கூடுதலாக இல்லாதவர், வருமுன் காப்பதாக நினைத்து எடுப்பதும் வேண்டாம்.

ஸ்டெரோல் பீட்டா கரோட்டின் உறிஞ்சப்படுவதையும் ஓரளவு குறைக்கிறது. பப்பாசி, பூசணி, கரட், முருங்கையிலை, பொன்னாங்காணி என்று நாளும் ஏதாவது ஒன்று கூடுதலாகச் சேர்த்தால் ஈடுகட்டிவிடலாம். நமது சந்தையில் இதற்குக் குறைவில்லை.

2024 மே 12, ஞாயிறு

மார்ச் 3இல் எழுதியதோடு சேர்த்து வாசிக்க வேண்டியது.

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வொன்றைப் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ரோசுவாஸ்டட்டின் என்ற இன்னொரு ஸ்டட்டின் 5 மில்லிகிராம், மருந்தில்லாத வெற்று மாத்திரை, மீனெண்ணெய், கறுவா, உள்ளி, மஞ்சள், தாவர ஸ்டெரோல், சிவப்பு ஈஸ்ட் அரிசி என எட்டுக் குழுக்கள், 28 நாட்கள். ரோசுவாஸ்டட்டின் எல்டிஎல்லை 38 சதவீதம் அளவில் குறைத்தது. மற்ற ஆறில் எதுவும் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை, ஸ்டெரோல் உட்பட.

அப்படியானால் நான் எழுதிய பத்திலொரு பங்கு எங்கே போயிற்று? குழுவுக்கு 25 பேர் அளவில்தான் இருந்தார்கள். மார்ச் 17இல் சொன்ன இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் பத்துச் சதவீதத்தைக் கண்டுபிடிக்க அது போதாது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ரோசுவாஸ்டட்டினைத் தயாரிக்கும் அஸ்ட்ராசெனெக்கா என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இதையெல்லாம் சொல்லி அந்த ஆய்வைத் தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. போத்தலில் வாங்கி, வீட்டில் எடுக்கும் சாதாரண மனிதருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அது மாஜரின் ஆய்வுகளைவிட நெருக்கமாக நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் இப்போது சொல்வது: சரியான அளவில், உணவோடு, நன்றாகக் கரையும் வடிவில் எடுத்தால் பத்திலொரு பங்கு, கப்சூலில் அதுவே உச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. 1994இல் வெளியான ஸ்கண்டிநேவிய சிம்வாஸ்டட்டின் ஆய்வில் 4,444 இதயநோயாளர் பங்குபற்றினர். மருந்தெடுத்தவர்களில் மரணம் 30 சதவீதம் குறைந்தது. தாவர ஸ்டெரோல் மாரடைப்பையோ மரணத்தையோ குறைக்கிறது என்று காட்டும் ஆய்வு இன்றுவரை ஒன்றுகூட இல்லை. எல்டிஎல் குறைந்தால் அதுவும் குறைய வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பே தவிர, காட்டப்பட்ட உண்மையன்று. குருதியில் சிறிதளவு கூடும் ஸ்டெரோல் தானே நாடிக்குத் தீங்கு செய்யுமா என்ற விவாதமும் தீரவில்லை. மேலே சொன்ன ஐரோப்பிய வழிகாட்டல்கள் இதை, மருந்து தேவைப்படும் அளவுக்கு ஆபத்து இல்லாதவர்களுக்கும், மருந்தோடு துணையாக எடுப்பவர்களுக்கும் பரிசீலிக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கின்றன. நான் முதல் வகையில் வருவதால் இப்போதைக்குத் தொடர்கிறேன். அத்தானுக்கோ ஸ்டட்டின்தான் உயிர்.

2024 மே 26, ஞாயிறு

உப்புவெளிச் சகோதரி எழுதியிருக்கிறார். வைத்தியர் தைரொயிட்டையும் தசை நொதியையும் பார்த்தார், இரண்டும் இயல்பு. அட்டோர்வாஸ்டட்டினைச் சில வாரம் நிறுத்தச் சொல்லி, பின்னர் குறைந்த அளவு ரோசுவாஸ்டட்டினைத் தொடங்கியிருக்கிறார். நோவு குறைந்துள்ளது, முற்றாகப் போகவில்லை. அம்மாவின் எல்டிஎல் இப்போது 104. அண்ணா அனுப்பிய போத்தல்களைச் சோற்றோடு சேர்த்து எடுக்கலாமா, முடிந்ததும் மேலும் வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்.

எடுக்கலாம், வைத்தியரிடம் சொல்லிவிட்டு. மேலும் வாங்குவதற்கு முன், எசெடிமைப் என்ற மருந்தைப் பற்றி அவரிடம் கேளுங்கள். அதுவும் குடலில்தான் வேலை செய்கிறது. கொலஸ்திரோலைக் குடற்சுவருக்குள் கொண்டுபோகும் புரதத்தையே அடைத்துவிடும். நாளுக்கு 10 மில்லிகிராம், ஒரேயொரு சிறு குளிசை, உணவோடும் எடுக்கலாம், உணவில்லாமலும் எடுக்கலாம். எல்டிஎல்லை 18 முதல் 20 சதவீதம் அளவில் குறைக்கும். 2015இல் வெளியான ஆய்வொன்றில், இதயநோய் தாக்கிய 18,144 பேரில் சிம்வாஸ்டட்டினோடு எசெடிமைபும் எடுத்தவர்களில் ஏழாண்டில் 32.7 சதவீதத்தினரும், சிம்வாஸ்டட்டின் மட்டும் எடுத்தவர்களில் 34.7 சதவீதத்தினரும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிகழ்வுகளுக்கு ஆளானார்கள். வேறுபாடு சிறியதுதான், ஆனால் அது காட்டப்பட்டிருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு இதுவரை இதயநோய் இல்லை என்பதால் 104 போதுமா, இன்னும் இறக்க வேண்டுமா என்பதை அவருடைய இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்து வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு கப்சூல் போத்தலையும் எடுத்துப் போங்கள். பின்புறத்துப் பொடி எழுத்தை அவரும் ஒருமுறை வாசிக்கட்டும்.